பார்க்கவும் கேட்கவும் தொடவும் எட்டும் பாடம்: ஆன்லைன் வகுப்பை எல்லோருக்குமாகத் தயாரிக்கும் முறை

மதுரையில் ஒரு பயிற்சி மையத்தின் பாடம் இன்று மாணவர் கைக்குப் போய்ச் சேரும் வழி பெரும்பாலும் இதுதான். ஆசிரியர் கையால் எழுதிய குறிப்பைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக அனுப்புகிறார். வகுப்பை வீடியோவாக ஏற்றுகிறார். ஞாயிற்றுக்கிழமை ஆன்லைனில் மாதிரித் தேர்வு வைக்கிறார். இந்த நான்கிலும் யாரோ ஒருவர் விடுபட்டுப் போகிறார். போட்டோவில் இருக்கும் எழுத்தைப் பார்வையற்றவரின் போன் சரியாக வாசித்துக் காட்டுவதில்லை. வீடியோவில் என்ன பேசினார்கள் என்பது காது கேளாதவருக்குத் தெரியாது. கை நடுங்குபவர் விடையைத் தொடுவதற்குள் தேர்வு நேரம் முடிந்துவிடும். உசிலம்பட்டிப் பக்கம் வீட்டுக்கே ஒரு போன், அதுவும் அப்பா வேலை முடிந்து வந்தால்தான் கைக்கு வரும் என்றிருக்கும் பிள்ளைக்கு மாலை ஐந்து மணி நேரலை வகுப்பால் பயனே இல்லை.

ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஏற்பாடு வேண்டும் என்று நினைத்துத்தான் பலர் மலைத்துப் போய் விட்டுவிடுகிறார்கள். வேலையின் வேர் ஒன்றுதான்: பாடத்தில் உள்ள அத்தனையும் ஒருமுறை சரியான தமிழ் எழுத்தாக உங்கள் கணினியில் இருக்க வேண்டும். அந்த எழுத்தைத் திரை வாசிப்பான், அதாவது திரையில் உள்ளதைப் படித்துக்காட்டும் மென்பொருள், பேசும். பிரெயில் கருவி புள்ளியாக்கும். வீடியோவின் அடியில் அது வசன வரியாக ஓடும். கண் மங்கியவர் வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கிக்கொள்வார். டேட்டா தீரும் நேரத்திலும் அது போய்ச் சேரும். அதனால் எழுத்திலிருந்தே தொடங்குவோம்.

எழுத்து யூனிகோடில் இருக்கிறதா?

நம் ஊர் டிடிபி சென்டர்களிலும் அச்சகங்களிலும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. எந்தக் கருவியிலும் தமிழ் தமிழாகவே நிற்கும் பொதுக் குறியீட்டு முறைதான் யூனிகோட். தமிழ்நாடு அரசு 2010லேயே அதைத் தரமாக அறிவித்துவிட்டது. ஆனாலும் பல மையங்களின் பத்தாண்டு வினாத்தாள் சேமிப்பு முழுவதும் பழைய எழுத்துருவில்தான் கிடக்கிறது. கண்ணுக்கு அது தமிழ். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. பாமினியில் ‘அம்மா’ என்று அடித்த சொல்லுக்குள் உண்மையில் இருப்பவை எம், கே, அரைப்புள்ளி, கே, எச். திரை வாசிப்பான் அதைத்தான் உச்சரிக்கப் பார்க்கும். மாணவர் காதில் விழுவது பொருளில்லாத ஓசை.

சோதிக்க ஒரு நிமிடம் போதும். கோப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். தமிழாகவே வந்தால் யூனிகோட். ஆங்கிலக் கிறுக்கலாக வந்தால் பழைய எழுத்துரு. மாற்றுவதற்கு என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவச மென்பொருள்கள் உள்ளன. மாற்றிய பிறகு ஒரு பிழையைக் கட்டாயம் தேட வேண்டும்: மூலக் கோப்பில் இடையிடையே ஆங்கிலத்தில் அடித்திருந்த சொற்களையும் மென்பொருள் தமிழ் என்று எண்ணி மாற்றிவிடும். வினாத்தாளில் இருந்த ஆங்கிலச் சுருக்கப் பெயர்கள், கணித மாறிகள், இணைய முகவரிகள் எல்லாம் உருக்குலைந்திருக்கும். அவற்றைக் கையால்தான் திருத்த வேண்டும்.

ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் அதில் எழுத்தே இல்லை. பக்கத்தின் படம்தான் இருக்கிறது. போனில் ஒரு சொல்லின் மேல் விரலை அழுத்திப் பிடித்துப் பாருங்கள். சொல் தேர்வாகவில்லை என்றால் படம். கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்தாகப் பிரித்துத் தரும்; தமிழையும் பிரிக்கும். ஒரு பக்கம் ஒரு படமாக, நேராக, நிழல் விழாமல் எடுத்தால் பிழை குறையும். இரண்டு பத்தியாக அச்சான பக்கத்தைப் பாதியாக வெட்டி இரண்டு படமாகக் கொடுங்கள். இல்லாவிட்டால் இடப்பத்தியின் முதல் வரியும் வலப்பத்தியின் முதல் வரியும் ஒட்டிக்கொண்டு வரலாம். தமிழில் அடிக்கடி குழம்பும் இணைகளைத் தனியாகத் தேடித் திருத்துங்கள்: ‘ர’ எழுத்தும் துணைக்காலும், ‘ண’வும் ‘ன’வும், ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும். துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ‘ர’ வந்தால் கண் அதைப் பொறுத்துக்கொண்டு கடந்துவிடும்; இரண்டும் ஒரே உருவம்தானே. கேட்டுப் படிப்பவருக்கோ ‘பாடம்’ என்ற சொல் ‘பரடம்’ ஆகிவிடும். ஆகவே பிழை திருத்துபவர் கண்ணால் பார்த்ததோடு நிறுத்தாமல், போனைப் பேசவைத்து ஒருமுறை காதால் கேட்டுவிட வேண்டும்.

பிடிஎஃப் பற்றி இன்னொன்று. யூனிகோடில் அடித்து பிடிஎஃப் ஆக்கினாலும், உள்ளே தமிழ் எழுத்துகளின் வரிசை சில நேரம் சிதறிவிடும். ‘கொடு’ என்பதில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரிந்து கிடக்கும். அச்சிட்டால் குறை தெரியாது, வாசிப்பான் தடுமாறும். அதனால் பிடிஎஃப் கொடுத்தாலும் கூடவே வேர்டு கோப்பையோ மின்னூல் வடிவமான இபப் கோப்பையோ கொடுங்கள். பிடிஎஃப் ஆக்கும்போது ‘பிரிண்ட்’ வழியாகப் போகாமல் வேர்டின் ‘சேவ் அஸ்’ வழியாகப் போங்கள். ‘பிரிண்ட்’ வழியில் தலைப்பு, அட்டவணை, படவிளக்கம் ஆகியவற்றின் குறிகள் கழன்றுவிடும்.

தலைப்பு என்றால் தலைப்பு

எழுத்தைத் தடிமனாக்கிப் பெரிதாக்கினால் கண்ணுக்குத் தலைப்பு ஆகிவிடும். வாசிப்பானுக்கு அது இன்னொரு வரி, அவ்வளவுதான். பார்க்கிறவர் நாற்பது பக்கத்தை விரலால் தள்ளிப் பிடித்த இடத்தில் நிற்கிறார். பார்வையற்றவர் அதையே தலைப்பு விட்டுத் தலைப்பு தாவிச் செய்கிறார். தாவத் தலைப்பு இல்லாவிட்டால் முப்பத்தெட்டாம் பக்கத்தை அடைய முதல் பக்கத்திலிருந்து கேட்டு வர வேண்டும். வேர்டிலும் கூகுள் டாக்ஸிலும் வரியில் கர்சரை வைத்து கண்ட்ரோல், ஆல்ட், 1 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் முதல்நிலைத் தலைப்பு. 2 அழுத்தினால் அதற்கு உட்பட்டது. பாடத்தின் பெயர் ஒன்று, அலகுகள் இரண்டு, உட்பகுதிகள் மூன்று என்று படியாகப் போகட்டும். எழுத்தின் அழகுக்காகப் படியைத் தாண்டாதீர்கள்.

இணைப்புகளும் அப்படித்தான். ‘இங்கே கிளிக் செய்யவும்’ என்று பன்னிரண்டு இடத்தில் எழுதியிருந்தால், இணைப்புகளை மட்டும் பட்டியலாகக் கேட்கும் மாணவருக்கு அதே வரி பன்னிரண்டு முறை கேட்கும். ‘வைகைப் பாசனம், 3ஆம் பாட ஒலிக்கோப்பு’ என்று இணைப்பே தன் பெயரைச் சொல்லட்டும். வாட்ஸ்அப் அறிவிப்பின் தொடக்கத்தில் வரிசையாகப் பத்து கைவிரல் படம் போடும் வழக்கத்தையும் விடுங்கள். அத்தனையும் வாசிக்கப்பட்ட பிறகுதான் செய்தியே வரும்.

படத்தைச் சொல்லால் காட்டுவது

அதிக உழைப்பு கேட்கும் பகுதி இது. அதிகம் ஏமாற்றும் பகுதியும் இதுதான். படத்துக்கு மாற்று உரை, அதாவது படத்துக்குப் பதிலாக வாசிப்பான் படிக்கும் விளக்கம், எழுதச் சொன்னால் ‘வைகை வரைபடம்’ என்று இரண்டு சொல் எழுதிவிட்டு முடிந்தது என்பார்கள். அது படத்தின் பெயர். படம் எதைச் சொல்கிறது என்பது அதில் இல்லை. அந்தப் படத்தைப் பார்க்கிற மாணவர் அதிலிருந்து என்ன தெரிந்துகொள்கிறாரோ, அதைத்தான் எழுத வேண்டும். இப்படி:

‘வைகை ஆற்றின் போக்கைக் காட்டும் வரைபடம். ஆறு மேற்கே வருசநாட்டு மலையில் தொடங்கி, தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்கள் வழியாகத் தென்கிழக்கே செல்கிறது. தேனி மாவட்டத்தில் ஆண்டிபட்டிக்கு அருகே வைகை அணை குறிக்கப்பட்டுள்ளது.’

மூன்றே வரி. தேர்வில் கேட்கக்கூடிய தொடக்கம், திசை, மாவட்டங்கள், அணை எல்லாம் வந்துவிட்டன. வரைபடத்தின் நிறம், ஓரத்துப் பூவேலை, வெளியிட்டவரின் முத்திரை எதுவும் தேவையில்லை. அணை 1959இல் திறக்கப்பட்டது, அதன் முழுக் கொள்ளளவு உயரம் 71 அடி என்ற செய்திகள் படத்தில் இல்லாவிட்டால் மாற்று உரையிலும் வேண்டாம். அவை பாடத்தின் உடலில் எல்லோருக்குமாக வரட்டும். விளக்கம் நீண்டுவிட்டால் மாற்று உரையில் ஒரு வரியை வைத்து, மீதியைப் படத்தின் கீழே சாதாரணப் பத்தியாக எழுதுங்கள். அதனால் படம் பார்க்கத் தெரிந்தும் வரைபடம் புரியாத மாணவருக்கும் பயன் உண்டு.

தேர்வு வினாவில் படம் வந்தால் எச்சரிக்கை வேண்டும். ‘வரைபடத்தில் புள்ளியிட்ட இடம் எது?’ என்று கேட்டுவிட்டு மாற்று உரையில் ‘மேலூர்’ என்று எழுதினால் விடையைச் சொல்லிவிட்டீர்கள். ‘மதுரை மாவட்ட வரைபடம். மதுரை நகரத்துக்கு வடகிழக்கே ஒரு புள்ளி’ என்று எழுதினால் பார்க்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் ஒரே அளவு துப்புதான் கிடைக்கும்.

ஒவ்வொரு சிலைடின் மூலையிலும் மீனாட்சியம்மன் கோயில் கோபுரமும் மையத்தின் முத்திரையும் இருந்தால் அவற்றை ‘அலங்காரம்’ என்று குறித்துவிடுங்கள். வேர்டிலும் பவர்பாயிண்டிலும் அதற்கு இடம் இருக்கிறது. குறிக்காவிட்டால் அறுபது சிலைடிலும் அறுபது முறை கோபுரம் குறுக்கே வரும்.

அட்டவணையில் கட்டங்களை ஒன்றாக இணைக்காதீர்கள். இணைத்த கட்டத்தில் எந்த எண் எந்தத் தலைப்புக்கு உரியது என்பது வாசிப்பானுக்குப் பிடிபடாமல் போகும். வரைகோட்டுப் படம் இருந்தால் அது எந்த எண்களிலிருந்து வரைந்ததோ அந்த அட்டவணையையும் கொடுங்கள். தொட்டுப் பார்க்கும் படம் ஒன்றிரண்டு வேண்டுமானால் பெரிய செலவு இல்லை: கெட்டி அட்டையில் பசை தடவிச் சணல் நூலை ஆறாக ஒட்டுங்கள், அணைக்கு ஒரு பாசிமணி, மாவட்ட எல்லைக்கு மெல்லிய தையல் நூல். ஒரு அட்டையில் நாலைந்து செய்திக்கு மேல் ஏற்றினால் விரலுக்குக் குழப்பம்.

‘இதையும் இதையும் கூட்டினா இது’

வீடியோவில் முதல் திருத்தம் ஆசிரியரின் பேச்சிலேயே நடக்க வேண்டும். பலகையைத் தட்டி ‘இதை இதால பெருக்கி இதால வகுத்தா இது வரும்’ என்றால், பலகை தெரியாதவருக்கு ஒன்றுமே சொல்லவில்லை. ‘ஐயாயிரத்தை எட்டால பெருக்கி நூறால வகுத்தா, ஒரு வருஷத் தனிவட்டி நானூறு ரூபாய்’ என்று எண்ணைச் சொல்லிப் பழகினால் போதும். கூடுதல் நேரம் சில நொடிதான். போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் கேட்டு வருகிறவருக்கும் அது உதவும்.

கைத்தொழில் பாடங்களில் இது இன்னும் முக்கியம். சுங்குடி முடிச்சைக் காட்டும்போது ‘இப்படி எடுத்து இப்படிக் கட்டணும்’ என்பதற்குப் பதில், ‘இடது கைப் பெருவிரலாலயும் சுட்டு விரலாலயும் துணியைக் கடுகளவு கிள்ளி எடுங்க. கிள்ளின நுனிக்குக் கீழே நூலைச் சுத்தி இறுக்குங்க. நூலை அறுக்காம அடுத்த புள்ளிக்குப் போங்க’ என்று சொல்லுங்கள். எந்தக் கை, எந்த விரல், எவ்வளவு, எந்தத் திசை, எப்போது நிறுத்துவது: இந்த ஐந்தும் வாயில் வந்தால் கண் இல்லாமலும் கை கற்றுக்கொள்ளும்.

உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிறவர்களும் உண்டு. பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டே பேசாதீர்கள். எழுதுங்கள், திரும்புங்கள், பிறகு பேசுங்கள். சன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் இருட்டாகிவிடும். வெளிச்சம் முகத்தில் விழும்படி நில்லுங்கள். ஒலிக்கு மதுரை வெயிலில் பெரிய எதிரி சீலிங் ஃபேன். சித்திரை மாதத்தில் அதை நிறுத்தச் சொல்ல முடியாது. போனின் உள் மைக்கை நம்பாமல் பஞ்சு உறை போட்ட காலர் மைக்கை மோவாயிலிருந்து ஒரு சாண் கீழே குத்திக்கொள்ளுங்கள். காது கருவி அணிந்தவருக்குப் பேச்சோடு வரும் இரைச்சலும் சேர்ந்து பெருகிக் கேட்கும் என்பதால், ஒலிச் சுத்தம் அவருக்குப் பாடம் புரிவதா இல்லையா என்பதையே தீர்மானிக்கிறது.

வசன வரி

கையால் வசன வரி செய்தால் ஒரு மணி நேர வீடியோவுக்குப் பழகியவருக்கே நான்கைந்து மணி நேரம் போகும். பாடத்தை முன்பே எழுதிவைத்துப் பேசினால் இது பாதியாகும். எழுதாமல் பேசுகிறவர் என்றால், கூகுள் டாக்ஸின் குரல் தட்டச்சில் தமிழைத் தேர்ந்து ஒலியை ஓடவிட்டு வரைவு எடுத்துக்கொள்ளலாம். நிறுத்தற்குறிகளை நீங்கள்தான் போட வேண்டியிருக்கும். ஊர்ப்பெயர், ஆட்பெயர், ஆண்டு, ‘அங்கிட்டு’, ‘இங்கிட்டு’ போன்ற நம் பேச்சு வழக்கு எல்லாம் வேறு சொல்லாக மாறியிருக்கும். தானாக வந்த வசன வரியைத் திருத்தாமல் விடுவது வசன வரி இல்லாததைவிட மோசம். 1857ஐ 1957 என்று படிக்கிற மாணவர் அதை அப்படியே தேர்வில் எழுதுவார்.

நோட்பேடிலேயே வசன வரிக் கோப்பைத் (.srt) தயாரிக்கலாம். ஒவ்வொரு துண்டும் இப்படி இருக்கும்:

1
00:00:04,000 --> 00:00:08,000
வைகை ஆறு வருசநாட்டு மலையில்
தொடங்குகிறது.

2
00:00:08,500 --> 00:00:11,000
[மாணவர்] எந்த மாவட்டம் சார்?

வரிசை எண், தொடக்க நேரமும் முடிவு நேரமும், வசனம், ஒரு வெற்று வரி. நொடிக்கும் மில்லிநொடிக்கும் நடுவே காற்புள்ளிதான் வர வேண்டும். முற்றுப்புள்ளி வைத்தால் சில பிளேயர்கள் கோப்பை ஏற்காது. சேமிக்கும்போது குறியாக்கத்தை யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள். ‘ஆன்சி’ என்று விட்டால் தமிழ் முழுவதும் கேள்விக்குறியாகிவிடும். பலர் இந்த ஒரு இடத்தில்தான் தோற்று, தமிழில் வசன வரி வராது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

திரையில் ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். வரிக்கு 35 எழுத்துக்குள் நிறுத்துங்கள். தமிழ்ச் சொல் நீளம், போன் திரை சிறிது. சொல்லை நடுவில் உடைக்காமல் தொடர் முடியும் இடத்தில் வரியை ஒடியுங்கள். யார் பேசுகிறார் என்பதும், மணி அடித்தது போன்ற பொருளுள்ள ஓசையும் அடைப்புக்குள் வரட்டும். பலகையில் கீழ்க்கால் பகுதியில் எழுதாதீர்கள். வசன வரி அங்கேதான் உட்காரும்.

பிறவியிலிருந்தே காது கேளாத பலருக்கு முதல் மொழி சைகை மொழி. எழுத்துத் தமிழ் இரண்டாவதாகக் கற்றது. நீண்ட தமிழ் வாக்கியம் அடியில் ஓடினால் மட்டும் அவருக்குப் பாடம் புரிந்துவிடாது. முடிந்த பாடங்களுக்கு இந்திய சைகை மொழிபெயர்ப்பாளரை அமர்த்துங்கள். அவர் கட்டம் திரையில் மூன்றில் ஒரு பங்காவது இருக்கட்டும். மூலையில் தபால் தலை அளவுக்கு வைத்தால் விரல் தெரியாது. தோல் நிறத்திலிருந்து தனித்துத் தெரியும் ஒற்றை நிறச் சட்டை, பின்னால் வெறும் சுவர், இடுப்பிலிருந்து தலைக்கு மேல் வரை சட்டகத்துக்குள். பாடக் குறிப்பை இரண்டு நாள் முன்பே அவரிடம் கொடுங்கள். ‘அட்டவணை’, ‘பிரிவு’, ‘சட்டத்திருத்தம்’ போன்ற சொற்களுக்கு என்ன சைகை என்று அவர் பார்த்து வைக்க வேண்டும். புது தில்லியில் உள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையத்தின் அகராதி இணையத்தில் கிடைக்கிறது. அதில் 10,000க்கும் மேற்பட்ட சொற்கள் உள்ளன. வகுப்பில் மறக்கக் கூடாதது: சைகையைப் பார்க்கும் கண்ணால் அதே நொடியில் பலகையைப் பார்க்க முடியாது. புதுப் படம் ஒன்றைக் காட்டினால் ஐந்து நொடி பேசாமல் நில்லுங்கள். மாணவர் படத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பட்டும்.

டேட்டா குறைந்த இடத்துக்கு

நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் பதிந்த ஒரு மணி நேர வீடியோ சுமார் 450 எம்பி. அதே வகுப்பின் பேச்சை மட்டும் மோனோவில் 32 கிலோபிட்டில் எடுத்தால் 14.4 எம்பி. முப்பதில் ஒரு பங்குதான். பேச்சுக்கு அந்தத் தரம் போதும். ஆசிரியர் எண்ணையும் பெயரையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகியிருந்தால் இந்த ஒலிக்கோப்பே முழுப் பாடம். நேரலை வகுப்பைக் கட்டாயமாக்காதீர்கள். அன்றிரவே ஒலியும் எழுத்தும் குழுவுக்குப் போய்விட வேண்டும். ஒரு மணி நேரத்தைப் பத்துப் பத்து நிமிடத் துண்டுகளாக வெட்டினால், கவனம் நீண்ட நேரம் நிற்காதவருக்கும் பாதியில் அறுந்த பதிவிறக்கத்தை மீண்டும் தொடங்குகிறவருக்கும் வசதி.

நிறம், அளவு

வெள்ளைத் தாளில் மஞ்சள் எழுத்தும் வெளிறிய சாம்பல் எழுத்தும் கூடாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு சாதாரண எழுத்துக்கு 4.5:1 ஆவது இருக்க வேண்டும் என்பது உலக அளவில் பின்பற்றும் இணைய அணுகல் விதி. 999999 என்ற நிறக் குறியீடு உள்ள சாம்பல் வெள்ளையின் மேல் 2.85:1தான் தரும், 767676 என்ற சாம்பல் 4.54:1 தந்து தேறும். பளிச்சென்ற சிவப்புகூட வெள்ளையின் மேல் 4:1ஐத் தாண்டாது. சரியான விடையைப் பச்சையிலும் தவறைச் சிவப்பிலும் காட்டினால் கூடவே ‘சரி’, ‘தவறு’ என்ற சொல்லும் வர வேண்டும். இந்த இரண்டு நிறமும் பிரியாத கண்கள் பல. நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னும் தொடக்க அனிமேஷன் சிலருக்கு வலிப்பைத் தூண்டலாம். எடுத்துவிடுங்கள்.

தமிழில் ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் வேறுபாடு ஒரு சுழிதான். 11 புள்ளி அளவில் கண் மங்கியவருக்கு ‘பெரு’வும் ‘பேரு’வும் ஒன்றாகிவிடும். 14 புள்ளிக்குக் குறையாமல், வரிக்கு ஒன்றரை இடைவெளியோடு, நோட்டோ சான்ஸ் தமிழ், நிர்மலா போன்ற தெளிவான எழுத்துருவில் கொடுங்கள். இருபுறமும் சமன்செய்யாமல் இடப்பக்கம் மட்டும் ஒட்டி வையுங்கள். நீண்ட தமிழ்ச் சொற்களைச் சமன்செய்தால் வரிக்குள் ஆறுபோல் வெற்றிடம் ஓடும். எழுத்துக்கூட்டிப் படிக்கச் சிரமப்படும் பிள்ளையின் கண் அதில் வழுக்கி அடுத்த வரிக்குப் போய்விடும். அந்தப் பிள்ளைக்கு ஒலியும் எழுத்தும் சேர்த்துக் கொடுங்கள். நேரலையில் திடீரென்று பெயர் சொல்லி வாசிக்கச் சொல்லாதீர்கள்.

தேர்வும் படிவமும்

மத்திய அரசின் வழிகாட்டுதல் எழுதுவதில் சிரமம் உள்ள மாற்றுத்திறனாளிக்கு மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் ஈடாகக் கூடுதல் நேரம் தரச் சொல்கிறது. டிஎன்பிஎஸ்சி குரூப் 4 போல மூன்று மணி நேரம், 200 வினா என்று மாதிரித் தேர்வு வைத்தால் அவருக்கு நான்கு மணி நேரம். மூடில் போன்ற ஆன்லைன் பாடத் தளங்களில் தனி மாணவருக்கு மட்டும் நேரத்தை நீட்டும் வசதி உண்டு. இல்லாத தளத்தில் அதே தேர்வை நேரம் கூட்டி இன்னொரு நகலாக உருவாக்கி அந்த இணைப்பைக் கொடுங்கள். சொல்வதை எழுதுபவரோடு தேர்வு எழுதப் போகிறவர் மாதிரித் தேர்விலும் அப்படியே எழுதிப் பழக வேண்டும். இருவருக்கும் தாளகதி கூடிவரப் பல தேர்வுகள் ஆகும்.

இழுத்துப் பொருத்தும் வினாக்களைத் தவிருங்கள். வாசிப்பானில் இழுப்பது கடினம், நடுங்கும் விரலுக்கும் கடினம். ‘பொருத்துக’ வினாவை அ, ஆ, இ, ஈ என்ற தெரிவு வரிசைகளாக மாற்றினால் போதும்; அச்சுத்தாளில் நாம் பழகிய வடிவம்தான் அது. போனில் தொடும் பொத்தான் 9 மில்லிமீட்டராவது இருக்கட்டும், அருகருகே நெருக்காதீர்கள். பொத்தான்களில் ‘அடுத்த வினா’, ‘விடைகளை அனுப்பு’ என்று தமிழில் எழுதுங்கள். வெறும் அம்புக்குறிப் படம் வைத்தால் வாசிப்பான் ‘பெயரிடப்படாத பொத்தான்’ என்று மட்டும் சொல்லும். ஓடிபி முப்பது நொடியில் காலாவதியானால் செயலி விட்டுச் செயலி தாவி எண்ணைக் கேட்டுத் திரும்புவதற்குள் அது செத்துவிடும். ஐந்து நிமிடம் கொடுங்கள். வளைந்து நெளிந்த எழுத்தைப் பார்த்து அடிக்கச் சொல்லும் கேப்ட்சா வேண்டவே வேண்டாம்.

சேர்க்கைப் படிவத்தில் ‘என்ன குறைபாடு?’ என்று கேட்காமல் ‘படிக்கவும் தேர்வெழுதவும் உங்களுக்கு என்ன ஏற்பாடு வேண்டும்?’ என்று கேளுங்கள். சான்றிதழில் சதவீதம் மட்டும் இருக்கும். அவருக்குப் பெரிய எழுத்து வேண்டுமா, ஒலி வேண்டுமா என்பது அதில் இருக்காது.

நேரடி வகுப்பு நாட்கள் வைத்திருந்தால் தரைத்தளத்தில் வையுங்கள். லிஃப்ட் இல்லாத மாடியில் மையம் நடத்துகிறவர்கள் அந்த நாளுக்கு மட்டுமாவது வேறு அறை பிடிக்கலாம். சாய்தளம் 1:12, அதாவது உயரத்தைப் போல் பன்னிரண்டு மடங்கு நீளம்: தலா 15 செ.மீ. உயரத்தில் மூன்று படி இருந்தால் 5.4 மீட்டர் நீளம் வேண்டும். பலகையைச் சாய்த்துப் போட்டு ஒப்பேற்றினால் சக்கர நாற்காலி பின்னுக்கு உருளும்.

சட்டம் பற்றி இரண்டு

21 வகை மாற்றுத்திறன்களை ஏற்கும் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடப்பில் உள்ளது. மின்னணு வடிவ அணுகலும் அதில் வருகிறது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் மின்னணு அணுகல் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. பிறர் பதிப்பித்த நூலை எழுத்தாகவோ ஒலியாகவோ மாற்றலாமா என்ற தயக்கம் பலருக்கு உண்டு. 2012இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் படிப்பதற்காக லாப நோக்கமின்றி அப்படி மாற்றிக் கொடுக்க அனுமதிக்கிறது. அந்தக் கோப்பை எல்லா மாணவருக்கும் விற்பனைப் பொருளாக ஆக்கக் கூடாது.

வெளியிடும் முன் சோதனை

முதலில் மவுஸைக் கழற்றிவிட்டு, டேப், என்டர், ஸ்பேஸ் விசைகளால் மட்டும் உள்நுழைந்து, பாடத்தைத் திறந்து, தேர்வை முடித்து வெளியே வாருங்கள். எங்கே மாட்டிக்கொள்கிறீர்களோ அங்கே மாணவரும் மாட்டுவார். அடுத்து ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் என்ற திரை வாசிப்பானை இயக்குங்கள். பெரும்பாலான போன்களில் ஒலிக்கூட்டல், ஒலிக்குறைப்பு விசைகள் இரண்டையும் மூன்று நொடி சேர்த்துப் பிடித்தால் போதும். நிறுத்தவும் அதே முறை. இயங்கியதும் தொடும் முறையே மாறிவிடும்: ஒருமுறை தொட்டால் பெயர் சொல்லும், இருமுறை தட்டினால் திறக்கும், வலப்பக்கம் தள்ளினால் அடுத்ததற்குப் போகும். போனின் பேச்சு அமைப்பில் தமிழ்க் குரலை முன்பே இறக்கி வையுங்கள். திரையை ஒரு துணியால் மூடிக்கொண்டு ஒரு பாடத்தைக் கேட்டு முடியுங்கள். கணினியில் இதே வேலைக்கு என்விடிஏ இலவசம். அதோடு வரும் குரலிலேயே தமிழ் இருக்கிறது. கடைசியாக ஒலியை முழுக்க நிறுத்தி வீடியோவை வசன வரியோடு மட்டும் பாருங்கள். பக்கத்தை 200 சதவீதம் பெரிதாக்கி எதுவும் ஒன்றின் மேல் ஒன்று ஏறவில்லை என்று உறுதிசெய்யுங்கள்.

இவையெல்லாம் உங்கள் பிழையில் பாதியைப் பிடிக்கும். மீதியைப் பிடிக்க அன்றாடம் வாசிப்பானோடு வாழ்கிறவர் வேண்டும். புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது. சுந்தரராஜன்பட்டியில் எஸ்.எம்.ஏ. ஜின்னா 1985இல் தொடங்கிய இந்தியன் அசோசியேஷன் ஃபார் தி பிளைண்ட் இயங்குகிறது. இத்தகைய இடங்களில் கேட்டு, இரண்டு மூன்று பேரை அழைத்து, ஒரு பாடத்தையும் ஒரு தேர்வையும் முழுக்கச் செய்யச் சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள். வழி சொல்லிக் கொடுக்காதீர்கள். எங்கே நிற்கிறார், எங்கே திரும்பிப் போகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அரை நாள் வேலைக்குரிய கூலியையும் போக்குவரத்துச் செலவையும் கையில் கொடுங்கள். இது அவருடைய தொழில் அறிவு.

பழைய பாடங்கள் நூற்றுக்கணக்கில் கிடந்தால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் திருத்த இறங்காதீர்கள். இன்று முதல் வரும் பாடம் ஒவ்வொன்றும் சரியாக வரட்டும். பழையதில் இந்தத் தேர்வுக்கு வேண்டியவை முதலில், மீதி வாரத்துக்கு இரண்டாக. பாடத்தின் கடைசியில் ஒரு வாட்ஸ்அப் எண்ணைப் போட்டு, எது படிக்கவில்லை, எது கேட்கவில்லை என்று எழுத்தாகவோ குரலாகவோ அனுப்பச் சொல்லுங்கள். குறை வந்த பாடத்தை வரிசையில் முன்னால் கொண்டுவந்து இரண்டு நாளுக்குள் திருத்தி, சொன்னவருக்கே முதலில் அனுப்புங்கள்.